நான்காவது உட்பிரிவு

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் அங்குலம். நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மற்ற அளவர்கள் நாடாவை நீட்டி, கண்ணை இடுக்கி, சரி போடு என்று எழுதிக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் மட்டும் வெயிலில் நின்று மறுபடியும் நாடாவைப் பிடிக்கச் சொல்வார். மூன்றாவது தடவை பிடிக்கச் சொல்லும்போது மறுமுனையில் நிற்கிறவர் வாய்க்குள் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

ஒரு நிலத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும்போது ஒவ்வொரு பங்கும் வரைபடத்தில் ஓர் உட்பிரிவாகும். உட்பிரிவுகளைக் கூட்டினால் பழைய நிலத்தின் அளவு அப்படியே வரவேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர் வரைந்த ஒரு படத்தில் அது வரவில்லை. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று பிரித்ததில் கிணற்றோரம் ஒரு முழ அகலத் துண்டு யார் பங்கிலும் சேராமல் விட்டுப்போனது. அந்த ஒரு முழத்துக்காக இருவரும் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். தம்பிக்காரன் இவரை எங்கே பார்த்தாலும் காறித் துப்பிவிட்டுத்தான் நகர்வான். அன்றிலிருந்து யாருக்கும் சேராத இடம் ஒன்று கண்ணில் பட்டால் அங்குலத்துக்குத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பஸ் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் இடைவெளி இருந்தால்கூட எழுந்து போய் அதில் உட்கார்ந்துவிடுவார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இந்த மனிதரின் கையில்தான் அவர் மனைவியின் குரல் இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அவர் கையில்தான் இருந்தது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் குரல்வளையில் கட்டி வந்தது. வயது முப்பத்தொன்று. மகளுக்கு மூன்று. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், பேச மாட்டாள். மூன்று வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

அவள் குரல் ஒன்றும் குயில் குரல் இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து அவள் கூப்பிட்டால், தெருமுனைக் கடையில் நிற்கிற யாரோ ஒருவர் ஏதோ தப்பு செய்துவிட்டவர் போலத் திரும்பிப் பார்ப்பார். வாயும் கொஞ்சம் நீளம். ஆனாலும் மனிதர் இடிந்துபோனார். அந்தக் குரல் இல்லாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்றே அவருக்குப் புரியவில்லை.

பின்னறையில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. விசைப்பலகையும் மெஷினும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய, டிவியில் மாட்டிக்கொள்கிற பழைய ரகம். வரைபடம் போட்டுப் பழகலாம் என்று கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து வாங்கியது. ஒலியைப் பதிவு செய்ய அதன் பின்னால் செருகுகிற சின்ன டப்பா ஒன்றும் உண்டு. அவர் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு அகலம், அகல், அகழி என்று வரிசையாக வார்த்தைகளை எழுதினார். அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குங்க அகழி? நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்?"

தாள் இரண்டாகக் கிழிந்தது. பிறகு அவளே ஒரு நாள் முழுக்கச் சமையலறையில் நின்று, தன் வாயில் வந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். போதும், மெதுவா, தட்டு, சீப்பு எங்க, மண்டைல ஏதாவது இருக்கா, ஈரத்துணி, பாத்துப் போ. திட்டுகிற வகை மட்டும் எண்பத்து நான்கு சேர்ந்தது. அவர் அதைக் குறைக்கச் சொன்னார். குறைப்பதற்குப் பதிலாக அவள் மூன்று கூட்டினாள்.

மூன்று வாரமும் மத்தியான வேளைகளில், ஜன்னலைச் சாத்தி, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, மைக் முன்னால் உட்கார்ந்து பதிந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது வார்த்தைகள். வீட்டில் மகளைக் கூப்பிடுகிற 'பாப்பா' என்ற ஒரு சொல்லை மட்டும் ஐந்து விதமாகச் சொன்னாள்: எழுப்புவதற்கு, மிரட்டுவதற்கு, கொஞ்சுவதற்கு, தூரத்திலிருந்து கூப்பிடுவதற்கு, சும்மா. அந்த ஐந்தாவதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் கம்மியது. அவர் அதை மறுபடி பதியவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அந்த மெஷின் வழியாகத்தான் பேசினாள். அவர் எழுதிய ஒரு சின்ன ப்ரோகிராம். இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் வார்த்தை வரும். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, கல்லைக் கல்லாக எடுத்து வைப்பதுபோல வரும். ஆனால் அவள் குரல். மூன்று வயதுக் குழந்தை அதைக் கேட்டுத்தான் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் குழந்தை ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசுகிறாளே, ஏதாவது குறையா என்று டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா பேசுகிற மாதிரி பேசுகிறாள், அவ்வளவுதான் என்று அங்குலம் சொல்லிவிட்டு வந்தார்.

வெளியே போனால் நோட்டும் பேனாவும். தொண்டையில் அழுத்திப் பிடித்தால் கரகரவென்று பேசுகிற கருவி ஒன்றைத் தந்தார்கள். அது பீரோவுக்குள் போனது. பின்னாளில் மகள் வாங்கித் தந்த போன் தட்டுவதை எல்லாம் அழகாகப் படித்துக் காட்டியது. அவள் ஒரே ஒரு நாள் கேட்டுவிட்டு நோட்டில் எழுதினாள்: 'எவளோ ஒருத்தி என் வீட்ல வந்து பேசற மாதிரி இருக்கு. வேண்டாம்.'

மகள் வேலைக்காக வெளியூர் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்குப் போன் வரும். போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா ஒரு மணி நேரம் பேசுவாள். மகளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. போனில் கேட்கிற அம்மாவுக்கு முப்பத்தொன்று. இன்னும் இரண்டு வருடம் போனால் நாம ரெண்டு பேரும் ஒரே வயசு என்று மகள் கிண்டல் செய்வாள்.

மெஷினுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் அவர்களோடு சேர்ந்து வயதாகிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் அது கத்த ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒரு கீச். பிறகு போடும்போதெல்லாம், தகரத்தில் ஆணியால் இழுப்பதுபோல. அங்குலம் முன்பு எடுத்துவைத்த ஒன்பது ஃபிளாப்பி பிரதிகளை அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்தார். ஏழு பூஞ்சை பிடித்திருந்தன. மிச்சம் இரண்டையும் மெஷின் மதிக்கவே இல்லை.

மகள் முந்தின வருடம் வந்தபோதே சொன்னாள். எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் ஏற்றி, இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்து தருகிறேன், அரை நாள் வேலை என்றாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்று இவர் தட்டிக் கழித்தார். அந்த வார்த்தைகள் தன் ப்ரோகிராமில்தான் சரியாக ஒட்டும் என்று ஒரு காரணமும் சொன்னார். அது பொய். அந்தப் பின்னறையில் அவர் இல்லாமல் எதுவும் நடக்காது, அதுதான் நிஜம். அந்தச் சின்னப் பெருமையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

இந்தப் பழைய மெஷின்களை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். அங்குலம் அவரைக் கப்பல்காரர் என்றே போனில் சேமித்து வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மெமரி கார்டு ஒன்றை மாட்டிவிடலாம் என்று வழி சொன்னவர் அவர்தான். கடையில் கிடைத்ததிலேயே சின்னக் கார்டு முப்பத்திரண்டு கிகாபைட். பழைய டிஸ்க் முழுவதையும் அதில் இருநூறு தடவைக்கு மேல் போடலாம். இரண்டு அறை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு தாலுகாவையே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அங்கேதான் சிக்கல். கப்பல்காரர் நிறுத்தி நிதானமாக விளக்கினார். அந்த மெஷினைச் செய்தவர்கள் காலத்தில் நான்கு கிகாபைட் என்பது யாரும் கனவிலும் காணாத அளவு. அதனால் அதற்கு நான்கு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். நான்கைத் தாண்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண் கடைசி வரை ஓடிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல, மறுபடி முதலிலிருந்து எண்ணும். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது.

"நாலு வரைக்கும் எப்படி வேணும்னாலும் பிரிச்சுக்கோங்க சார். அதுக்கு மேல இருக்கறதைத் தொடாதீங்க. சும்மா கிடக்கட்டும்."

அங்குலம் அப்படியே செய்தார். நான்கு கிகாபைட்டை மூன்றாகப் பிரித்தார். முதலாவதில் குரல். ரோட்டைப் பார்த்த மனையை வீட்டு மூத்தவளுக்கு ஒதுக்குவதுபோல அதற்கு முதல் இடம். இரண்டாவதில் மெஷின் ஓடத் தேவையானவை. மூன்றாவதில் அவருடைய வரைபடங்கள். பழைய டிஸ்க் கத்திக் கத்தி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மறுநாள் சுற்றாமல் நின்றே போனது. போகட்டும், கடமையை முடித்துவிட்டது என்று அவர் அதைப் பழைய சாமான்களோடு போட்டார். அன்று மாலை மனைவி விசையைத் தட்டினாள். கீச்சென்ற சத்தம் எதுவும் இல்லாமல், பளிச்சென்று அவள் குரல் வந்தது.

"மண்டைல ஏதாவது இருக்கு, போல."

இருக்கா என்ற கேள்வியை அவள் வேறு வார்த்தைகளைச் சேர்த்து அப்படி மாற்றியிருந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சத்தமில்லாமல் சிரித்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் அங்குலம்.

டிஸ்கைப் பிரிக்கிற ப்ரோகிராமைத் திறந்தால் திரையில் ஒரு நீளப் பட்டை வரும். அதில் இடது ஓரமாக மூன்று சின்னத் துண்டுகளுக்கு வண்ணம் இருந்தது. அதற்கப்புறம் பட்டை முழுக்க வெறும் சாம்பல். யாருக்கும் சேராத இடம். எட்டில் ஏழு பங்கு. முதல் வாரம் அதைப் பார்த்தார், மூடினார். இரண்டாம் வாரம் பார்க்க வேண்டிய வேலை எதுவும் இல்லாமலேயே திறந்து பார்த்தார். அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் குனிந்திருக்கும்போதும் அந்தச் சாம்பல் பட்டை கண்ணில் நின்றது. கப்பல்காரர் கடலில் இருந்தவர், அவருக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்றுகூட ஒரு நாள் நினைத்தார். ஆசை வந்துவிட்டால் அறிவு அதற்குக் குடைபிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும்.

கூடவே நல்ல காரணம் ஒன்றும் கிடைத்தது. கெடுதல் செய்ய நினைக்கிறவனுக்குக்கூட இப்படிக் காரணம் கிடைக்காது. குரல் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கார்டில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. அங்கே இன்னொரு பிரதி எடுத்துவைத்தால் பாதுகாப்புத்தானே.

நான்காவதாக ஓர் உட்பிரிவைப் போட்டார். சாம்பல் மறைந்து பட்டை முழுக்க வண்ணமானது. கூட்டிப் பார்த்தார், கார்டின் மொத்த அளவு கடைசி இலக்கம் வரை சரியாக வந்தது. மெஷின் முனகவில்லை. சோதனைக்கு ஒரு வரைபடத்தை அங்கே போட்டுத் திறந்தார், திறந்தது. அணைத்துப் போட்டார், அப்போதும் திறந்தது. அந்த ஒரு படம் சுற்றிக்கொண்டு போய் முதல் உட்பிரிவில் ஒரு காலி இடத்தில் விழுந்திருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியும். கப்பல்காரர் அதைத்தானே சொன்னார். ஆனால் கண் முன்னால் கோடு சரியாக இருக்கும்போது காதில் விழுந்த பேச்சை எந்த அளவர் நம்பியிருக்கிறார்?

திங்கட்கிழமை அவருக்கு விடுப்பு. மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அவர் முதல் உட்பிரிவிலிருந்து நான்காவதற்குக் குரலைப் பிரதி எடுக்கத் தொடங்கினார். திரையில் வார்த்தைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. அடுப்பு, அப்புறம், அய்யோ, ஆச்சா. அவர் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலை ஒன்றை முடிக்கிற நிம்மதி அவருக்கு இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் நான்காவது இடத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு முதல் இடத்துக்கே திரும்பி வந்து, அங்கே குடியிருந்த இன்னொரு வார்த்தையின் மேல் உட்கார்ந்தது. பிரதி மூலத்தைத் தின்றது. தின்று கெட்டுப்போனதையே மெஷின் மறுபடி படித்து மறுபடி எழுதியது. பதினைந்து நிமிடம். ஒரு தப்பும் காட்டவில்லை.

முடிந்ததும் வழக்கம்போல ஒரு தடவை அணைத்துப் போட்டார். முதல் உட்பிரிவு இருந்த இடத்தில், இது படிக்கத்தக்க டிஸ்க் இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. நான்காவதிலும் அதே பெட்டி.

கப்பல்காரருக்குப் போன் போட்டார். நடந்ததை அரைகுறையாகச் சொன்னார்.

"நாலாவதா ஒண்ணு போட்டீங்களா சார்?"

"போட்டேன்."

"வேற காப்பி இருக்கா?"

"அதைத்தான் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

கப்பல்காரர் திட்டவில்லை. இனி அந்தக் கார்டில் எதையும் எழுத வேண்டாம், அப்படியே கழற்றி அனுப்புங்கள், துண்டு துண்டாகப் பொறுக்கிப் பார்க்கிறேன் என்றார். அங்குலம் கையோடு கையாக அன்றே கூரியரில் அனுப்பினார். மெஷினில் ஒரு பாகம் போய்விட்டது, சின்ன ரிப்பேர், இந்த வாரம் நோட்டில் எழுதிக்கோ என்று மனைவியிடம் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் அவளிடம் அவர் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அவள் நம்பினாள். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபோதெல்லாம் நோட்டைத் தள்ளினாள். 'ரிப்பேர் ஆனா ஆகட்டும். நீங்க முதல்ல சாப்பிடுங்க.' இன்னொரு நாள், 'வாய்க்கு லீவு. உங்க காதுக்கும் லீவு. அனுபவிங்க.' அதைப் படித்துவிட்டு அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அலுவலகத்தில் ஒரு நாள் நாடாவை ஒரே தடவை பிடித்து அளவை எழுதிக்கொண்டார். மறுமுனையில் நின்றவர் உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டார்.

சனிக்கிழமை கார்டு திரும்பி வந்தது. கூடவே கப்பல்காரரின் போனும் வந்தது. முழுசாகக் கிடைத்தவை அறுபத்து மூன்று. மிச்சத்தில் சில பாதி, சில கால், நிறைய வெறும் இரைச்சல். தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றார். இதற்கு மேல் யாராலும் முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த அம்மாவிடம் தன் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அங்குலம் கார்டை மாட்டினார். அறுபத்து மூன்று வார்த்தைகளையும் அளவைப் பதிவேட்டில் எழுதுகிற அதே சீரான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரிப்பேர் முடிந்துவிட்டதா என்று புருவத்தை உயர்த்தினாள்.

"ரிப்பேர் எதுவும் இல்லம்மா. உன் குரலை நான் அழிச்சிட்டேன். கை தவறி இல்ல. செய்யாதேன்னு சொன்னதைச் செஞ்சேன். இருக்கறது இவ்வளவுதான்."

அவள் தாளை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். போதும் என்பதற்கு உரிய எழுத்துகளைத் தட்டினாள். 'போ' வந்தது. அதன் பின்னால் உலோகம் கிழிகிற சத்தம். மெதுவா தட்டினாள், இரைச்சல். தட்டு, சீப்பு, ஈரத்துணி, இரைச்சல். பதினேழு என்பது மட்டும் தெளிவாக வந்தது, சிரிக்கிற மாதிரி ஓர் இழுப்போடு. அவள் நிறுத்தவில்லை. விரல்களுக்கு மனப்பாடமாக இருந்த ஆயிரத்துச் சொச்சம் வார்த்தைகளையும் ஒன்றுவிடாமல் தட்டினாள். வேறு யாருடைய வீட்டிலோ காணாமல் போன சாமான்களைக் கணக்கெடுக்கிறவள் போல முகத்தை வைத்திருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக 'பாப்பா'. ஐந்தையும் தட்டினாள். நான்கில் இரைச்சல். ஐந்தாவதில் எதுவுமே வரவில்லை, இரைச்சல்கூட இல்லை.

அப்புறம்தான் தாளை எடுத்துப் படித்தாள். வடிகட்டி, பதினேழு, நேத்து, இஸ்திரி, கதவு, முப்பது, முப்பத்தொண்ணு. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். திட்டு வகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் நோட்டை எடுப்பாள், நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதுவாள், எழுதட்டும் என்று காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை. தாளை மடித்து விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அழுகைக்கும் அவளுக்குச் சத்தம் இல்லை என்பது அவருக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். ஆனாலும் அன்றுதான் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது.

பத்து மணிக்குப் போன் அடித்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். ஏழெட்டுத் தடவை அடித்த பிறகு அவள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு வழக்கமான இடத்தில் வைத்தாள். வழக்கம்போல விரல்களை விசைகளின் மேலும் வைத்தாள்.

மகள் மூச்சுவிடாமல் பேசினாள். வீட்டு மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது, ஆபீஸில் புது மேனேஜர் மூஞ்சியைக் காட்டுகிறார், போன வாரம் போட்டோ அனுப்பினேனே பார்த்தாயா. நடுவில் நிறுத்தி, என்னம்மா ஒண்ணும் பேசலையே என்று கேட்டாள். மனைவியின் விரல் ஒரு விசையின் மேல் போய் அழுத்தாமல் நின்றது. இருக்கிற அறுபத்து மூன்றில் எதைச் சொல்வது? வடிகட்டி என்றா?

அங்குலம் தொண்டையைச் செருமினார். மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். மடித்து வைத்த தாளைப் பிரித்து, பின்பக்கத்தில் வேகமாக எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'பொய் சொல்லாதீங்க. அவ வாரா வாரம் காத்துக்கிட்டு இருப்பா.'

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா இங்கதான் இருக்கா. நீ பேசினதெல்லாம் கேட்டா. அம்மா குரல் அழிஞ்சு போச்சும்மா. நான்தான் அழிச்சேன். இனிமே வராது."

போனில் எங்கோ ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டது. பிறகு மகள் கேட்ட குரலில் இருபத்தொன்பது வயது இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நின்று கேட்டாள்.

"இனிமே, அப்படின்னா, எப்ப வரைக்கும்ப்பா?"

அங்குலம் மனைவியைப் பார்த்தார். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.